கழுத்து வலியும் குத்தூசியும்

(கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகக் கொட்டாஞ்சேனையில் ஒரு ஞாயிறு பின்னேரம் நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை. தோட்டங்களில் இருக்கும் குடும்பங்களும் வாசிக்க வேண்டும் என்பதால் முழுமையாகத் தருகிறோம்.)



கூட்டம் தொடங்குமுன் ஒரு கணக்கெடுத்தோம். கழுத்து வலி உள்ளவர்கள் கையைத் தூக்குங்கள் என்றோம். பாதிக்கு மேல் தூக்கினீர்கள். சிலருக்குக் கை தோளுக்கு மேலே போகவில்லை. அந்தக் கைகளையும் சேர்த்துத்தான் எண்ணினோம்.

இங்கே இருப்பவர்களில் புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவர்கள் இருக்கிறீர்கள். வெள்ளவத்தைப் புடைவைக் கடைகளில் நாள் முழுக்க நிற்கிறவர்கள் இருக்கிறீர்கள். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், தையல் மெசினில் குனிந்திருப்பவர்கள், சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறவர்கள் இருக்கிறீர்கள். ஊரில் உங்கள் அம்மாமார் கூடையோடு மலையில் நிற்கிறார்கள். வேலை வேறுவேறு, வலி மட்டும் ஒரே இடத்தில்.

சம்பளம், ஈ.பி.எப். என்று பேசுகிற சங்கத்துக்குக் கழுத்து வலியில் என்ன வேலை என்று கேட்கலாம். காரணம் எங்கள் தங்கை ஒருத்தி. வெள்ளவத்தையில் சேலைக் கடையொன்றில் இருக்கிறாள். ஆறு மாதமாகக் கழுத்து வலி, இரவில் திரும்பிப் படுக்க முடியாது. குத்தூசி வைத்தியம் செய்கிற ஓரிடத்தில் விசாரித்திருக்கிறாள். பத்துத் தடவைக்கான பணத்தை முன்கூட்டியே கட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவளுடைய மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். "கட்டலாமா சேர்?" என்று எங்களிடம் வந்து கேட்டாள். அன்றைக்கு எங்களிடம் பதில் இல்லை. ஆம் என்று சொல்லி அவள் காசு வீணாகப் போனால்? வேண்டாம் என்று சொல்லி வலி அவளை வேலையிலிருந்தே வெளியேற்றினால்? அதனால் வாசித்தோம், வைத்தியர்களிடம் கேட்டோம். இன்று பேசுவது அதைத்தான்.

முதலில் கழுத்தைப் பார்ப்போம். தலை நான்கரை, ஐந்து கிலோ பாரம். அதை ஏழு சின்ன எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று தாங்குகின்றன. இடையிடையே மெத்தை போன்ற தட்டுகள். பக்கவாட்டில் எட்டுச் சோடி நரம்புகள் வெளியே வருகின்றன. கீழே உள்ள நரம்புகள் தோள் வழியாக விரல் நுனிவரை போகின்றன. கழுத்தில் கோளாறு என்றால் சிலருக்கு விரல் விறைப்பது அதனால்தான். பின்மண்டையிலிருந்து தோளுக்கும் நடு முதுகுக்கும் ஒரு பெரிய தசை விரிந்து கிடக்கிறது. "தோள்பட்டை இறுகிப் போச்சு" என்று நீங்கள் கைவைத்துக் காட்டுகிற இடம் அதுதான்.

தலை நேராக இருக்கும்போது பாரத்தில் பெரும் பங்கை எலும்பு தாங்கும். முன்னால் குனிந்தால் பாரம் தசைக்கு வந்துவிடும். நியூயோர்க்கில் ஒரு முதுகெலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் 2014இல் கணக்குப் போட்டுக் காட்டினார்: 60 பாகை குனிந்தால் கழுத்துக்கு 27 கிலோ அளவு பாரம் வருமாம். இது கணக்குத்தான், தராசில் நிறுத்தது இல்லை. ஆனாலும் எங்கள் தோட்டத்துத் தராசைவிட இதை நம்பலாம். (சிரிப்பு)

சேலை மடிக்கிற மேசை இடுப்புக்குக் கீழே இருந்தால் தலை குனிந்துதான் இருக்கும். தையலும் அப்படித்தான், இரவில் போனைப் பார்ப்பதும் அப்படித்தான். பரீட்சைத் தாள் திருத்துகிற எங்களுக்கும் அதே கதை. ஒரு தசையை மணிக்கணக்கில் இறுக்கியே வைத்திருந்தால் அதற்குள் இரத்த ஓட்டம் குறையும், இறுக்கம் கட்டி மாதிரித் திரளும், அமுக்கினால் வலி தலைவரை போகும்.

கூடை இன்னும் மோசம். கூடைக் கயிறு உச்சந்தலையில் மாட்டிக் கிடக்கிறது. கூடை பின்னால் இழுக்கிறது, கழுத்து முன்னால் இழுத்துப் பிடிக்கிறது. கண் கொழுந்தைப் பார்க்க வேண்டும் என்பதால் தலை குனிகிறது, கை ஓயாமல் ஓடுகிறது. பத்துக் கிலோவோ அதற்கு மேலோ அப்படியே சுமந்து சரிவில் இறங்கி நிறுவைக்குப் போக வேண்டும். மழைநாளில் ஈரக் கொழுந்து இன்னும் பாரம். நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கிலோ கழிப்பார்கள். கழுத்து சுமந்த ஈரத்தை யார் கழிப்பது?

நேபாளத்தில் ஆண்கள் தங்கள் உடல் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமான பாரத்தைத் தலைப்பட்டியில் சுமந்து மலையேறுகிறார்களே என்று ஒருவர் கேட்டார். உண்மைதான். 2005இல் வந்த ஓர் ஆய்வு அவர்களை அளந்தது, குறைந்த சக்தியில் சுமக்கிறார்கள் என்று கண்டது. ஆனால் அந்த ஆய்வு அளந்தது மூச்சுக்காற்றை. கழுத்து வலிக்கிறதா என்று அது பார்க்கவில்லை.

சேலைக் கடைத் தங்கையின் அம்மாவிடம், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில், இதைப் பற்றிப் பேசினோம். "கூடைக்காரிக்குக் கழுத்து வலிக்காம வேற எது வலிக்கும்?" என்று சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருசமாக அவர் அதை ஒரு வருத்தமாகவே கணக்கில் எடுக்கவில்லை. டிஸ்பென்சரியில் சொன்னதும் இல்லை. இரவில் கோடாலித் தைலம், அதிகம் வலித்தால் இரண்டு பெனடோல், காலையில் மலை.

இன்னொன்று. எக்ஸ்ரே எடுத்து "எலும்பு தேய்ந்திருக்கிறது" என்றவுடன் பலர் இடிந்துபோகிறார்கள். நடுவயது தாண்டியவர்களை எக்ஸ்ரே எடுத்தால், வலியே இல்லாத பலருக்கும் அந்தத் தேய்வு தெரியும். தலை நரைப்பது மாதிரி. தேய்வு இருக்கிறது என்பதால் வாழ்நாள் முழுக்க வலிக்கும் என்று அர்த்தம் இல்லை. சாதாரணக் கழுத்துப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும்.

ஆனால் சிலவற்றுக்குத் தைலமும் கூடாது, குத்தூசியும் கூடாது, நேரே வைத்தியசாலைதான். இதைக் கவனமாகக் கேளுங்கள். விழுந்தோ பாரம் சரிந்தோ அடிபட்ட பிறகு வருகிற கழுத்து வலி. கையில் பலம் குறைந்து, சட்டைப் பொத்தான் போட முடியாமல், பிடித்த கோப்பை நழுவுவது. நடக்கும்போது கால் தள்ளாடுவது. சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போவது. காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்து கழுத்து விறைப்பது. இரவில் ஓயாத வலியோடு உடம்பு மெலிந்துகொண்டே போவது. நெஞ்சு இறுகி வியர்த்து, வலி கழுத்துக்கும் தாடைக்கும் இடக்கைக்கும் பரவினால் அது கழுத்து நோயே அல்ல, மாரடைப்பாக இருக்கலாம். அந்த நேரம் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை.

தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. சலூனில் முடி வெட்டிய பிறகு தலையைப் பிடித்து 'டக்' என்று திருப்புகிறார்களே, அதை இன்றோடு விடுங்கள். மூளைக்குப் போகிற இரண்டு இரத்தக்குழாய்கள் கழுத்து எலும்புகளின் துளைகளுக்குள்ளாலேயே ஏறிப் போகின்றன. சட்டென்று முறுக்கும்போது உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அரிதுதான், ஆனால் அந்தச் சத்தத்தில் வருகிற சுகத்துக்கு அந்த விலை தேவையா?

சரி, ஊசிக்கு வருவோம். தோட்டத்தில் ஊசி என்றால் மருந்து ஏற்றுகிற ஊசி. பிள்ளைகள் அழுவதும் அதற்குத்தான். குத்தூசி வேறு. உள்ளே மருந்து கிடையாது, துளையும் கிடையாது. தலைமயிரைவிடக் கொஞ்சம் தடித்த கம்பி, கால் மில்லிமீற்றர் அளவு. கழுத்து வலிக்குப் பின்மண்டைக்குக் கீழே இரண்டு பள்ளங்களிலும், தோளின் மேற்புறத்திலும், கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலும், சுண்டுவிரல் பக்க விளிம்பிலும் ஏற்றுவார்கள். கழுத்து வலிக்குக் கையில் ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். உடம்பில் நாளங்கள் ஓடுகின்றன, உயிர்ச்சக்தி அவற்றில் அடைபட்டால் வலி, ஊசி அடைப்பைத் திறக்கிறது என்பது சீன வைத்தியத்தின் விளக்கம். அந்த நாளங்களை உடம்பை அறுத்துப் பார்த்த எவரும் கண்டதில்லை. இன்றைய வைத்தியம் நரம்பு வழியாக விளக்கம் தேடுகிறது. காலைக் கதவில் இடித்துக்கொண்டால் உடனே தேய்த்துவிடுகிறோம், வலி குறைகிறது. தொடு உணர்ச்சி வலிக்கு முன்னால் போய் முதுகுத்தண்டில் வாசலை அடைக்கிறது என்று மெல்சாக், வோல் என்ற இருவர் 1965இல் எழுதினார்கள். ஊசியும் ஓரளவு அப்படித்தான் வேலை செய்கிறது, அதோடு உடம்பே சுரக்கிற வலிநிவாரணியையும் தூண்டுகிறது என்கிறார்கள். ஏற்றும்போது எறும்பு கடித்த மாதிரி இருக்கும், பிறகு பாரமாக, மந்தமாக ஓர் உளைச்சல். இருபது முப்பது நிமிடம் அப்படியே விட்டு எடுப்பார்கள்.

இந்த வைத்தியம் பணக்காரருக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 1952இல் இலங்கையும் சீனாவும் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தன. வருசத்துக்கு 50,000 தொன் இறப்பர் இங்கிருந்து, 2,70,000 தொன் அரிசி அங்கிருந்து. அந்த இறப்பரில் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் எங்கள் ஆட்கள் விடியற்காலையில் வெட்டிய பாலும் உண்டு. இறப்பரை வாங்கிய அந்த நாட்டில் 1960களின் கடைசியில், டொக்டர் இல்லாத கிராமங்களுக்காக விவசாயிகளையே சில மாதம் பயிற்றுவித்து 'வெறுங்கால் வைத்தியர்கள்' என்று அனுப்பினார்கள். அவர்களின் பையில் இருந்த மலிவான ஆயுதங்களில் ஒன்று குத்தூசி. நாள் முழுக்க வயலில் குனிந்தவர்களின் கழுத்திலும் இடுப்பிலும் ஏற்றிய ஊசி அது.

இலங்கைக்கும் அது பணக்காரர் வாசல் வழியாக வரவில்லை. 1970களில் வாதநோய் வைத்தியர் அன்டன் ஜயசூரிய சீனாவில் கற்றுவந்து, களுபோவில அரசாங்க வைத்தியசாலையில் குத்தூசிச் சிகிச்சையை நடத்தினார். வெளிநாட்டு வைத்தியர்கள் பலர் அங்கே வந்து பழகிப் போனார்கள். வெள்ளவத்தையிலிருந்து களுபோவில எவ்வளவு தூரம்? எங்கள் தங்கை ஆறு மாதமாக அந்தப் பக்கத்து பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். அப்படியொன்று இருந்த கதையை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே முதல் வேலை, அரசாங்க வைத்தியசாலையில் கேளுங்கள். குத்தூசி இருக்கிறதா, பிசியோதெரபிக்கு அனுப்புவீர்களா என்று வெளிநோயாளர் பிரிவு டொக்டரிடம் வாயைத் திறந்து கேளுங்கள். ஊரில் இருப்பவர்கள் கிளங்கன், நுவரெலியா வைத்தியசாலைகளில் பிசியோதெரபியைக் கேளுங்கள். நாங்கள் கேட்பதில்லை, அதுதான் எங்கள் பழக்கம். டொக்டர் எழுதுகிறதை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து வெளியே வந்துவிடுகிறோம்.

குத்தூசி சரிவருமா? ஒளிக்காமல் சொல்கிறோம். இங்கிலாந்தில் நாட்பட்ட கழுத்து வலிக்காரர் 517 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015இல் வந்தது. ஒரு கூட்டத்துக்கு வழமையான சிகிச்சை மட்டும். ஒரு கூட்டத்துக்கு அதோடு 12 தடவை குத்தூசி. மற்றதுக்கு நிற்கும் இருக்கும் விதத்தைத் திருத்துகிற 20 பாடங்கள். வருசம் முடியும்போது ஊசிக்காரருக்கும் பாடக்காரருக்கும் வலி வழமைக்காரரைவிடக் குறைந்திருந்தது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பலன். ஊசி குத்தாமலே, உடம்பை வைத்துக்கொள்கிற முறையை மாற்றியே அதே பலன் கிடைத்திருக்கிறது. இதை மறக்காதீர்கள். 2018இல் 39 ஆய்வுகளை, 20,000 பேருக்கு மேல், ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஊசி ஏற்றாதவர்களைவிட ஏற்றியவர்களுக்கு நல்ல சுகம். ஆனால் ஏற்றியதுபோலப் பாசாங்கு செய்த போலி ஊசியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சின்னது. ஆகவே ஊசிக்குப் பலன் உண்டு, அதில் ஒரு பங்கு ஊசி, ஒரு பங்கு ஆறுதலாகப் படுத்திருந்த நேரமும் வைத்தியர் காட்டிய அக்கறையும். எங்கள் ஆட்களுக்கு அரை மணித்தியாலம் யார் அக்கறையாக நேரம் ஒதுக்குகிறார்கள்? அதுவும் மருந்துதான். ஆனால் "தேய்ந்த எலும்பை வளர வைப்போம், பத்துத் தடவையில் அடியோடு மாற்றுவோம்" என்று எவராவது சொன்னால் காசை மடியில் முடிந்துகொண்டு வந்துவிடுங்கள்.

தனியாரிடம் போகிறவர்கள், அவர் இலங்கை மருத்துவ சபையிலோ ஆயுர்வேத மருத்துவ சபையிலோ பதிந்தவரா என்று கேளுங்கள். கேட்டால் கோபிப்பவர் வேண்டாம். ஊசி ஒருதடவை மட்டும் பாவிக்கிறதாக இருக்க வேண்டும், பக்கெட்டை உங்கள் கண்முன்னால் உடைக்க வேண்டும். பாவித்த ஊசியால் ஈரல் அழற்சி தொற்றும். தோளின் மேற்புறத்துக்கு நேர்கீழே நுரையீரலின் நுனி இருக்கிறது, ஆழமாகப் போனால் காற்றுக் கசியும். அரிதுதான், என்றாலும் பிறகு மூச்சுத் திணறினால் வீட்டில் இருக்காதீர்கள். கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர்களும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள், மயக்கம் வரும். மொத்தமாகக் காசு கட்டாதீர்கள். ஒவ்வொரு தடவையாகக் கட்டுங்கள். நாலைந்து தடவையில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.

காசே இல்லாதவர்களுக்கு? வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி, பொறுக்கிற சூட்டில் பத்துப் பதினைந்து நிமிடம். இரண்டு தலையணை வைப்பவர்கள் ஒன்றை எடுத்துவிடுங்கள். கழுத்தை அசைக்காமல் நாட்கணக்கில் படுத்திருப்பது தப்பு, இன்னும் இறுகும். பெனடோல் ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். கடையில் பேர் சொல்லி வாங்குகிற மற்ற வலிக் குளிசைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், டொக்டரைக் கேட்காமல் தொடர்ந்து போடாதீர்கள். இப்போது எல்லோரும் நிமிர்ந்து இருங்கள். நாடியை உள்ளே இழுங்கள், இரட்டை நாடி விழுகிற மாதிரி. ஐந்து எண்ணுங்கள். விடுங்கள். தோள்பட்டைகளைப் பின்னால் கொண்டுபோய் ஒன்றோடொன்று நெருக்குங்கள். ஐந்து. விடுங்கள். பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று நேரம். பஸ்ஸுக்கு நிற்கும்போதும் செய்யலாம், யார் பார்த்தால் என்ன?

தங்கையின் கதைக்கு வருவோம். அவள் பத்துக்கும் கட்டவில்லை. ஒவ்வொன்றாக ஐந்து தடவை போனாள். வலி குறைந்தது, நித்திரை வந்தது. கடைக்குத் திரும்பி அதே மேசையில் பன்னிரண்டு மணித்தியாலம் குனிந்தாள், மூன்றாம் கிழமையில் வலி பழைய இடத்துக்கு வந்தது. அப்போதுதான் அவளும் கூட வேலை செய்கிற மூன்று பேரும் முதலாளியிடம் போனார்கள். சண்டைக்கு இல்லை. மேசையை உயர்த்துங்கள், ஆள் இல்லாத நேரம் உட்கார ஒரு ஸ்டூல் தாருங்கள் என்று. முதல்முறை முதலாளி சிரித்தார். இரண்டாம் முறை சங்கக் கடிதத்தோடு போனார்கள். மேசைக் காலுக்குக் கீழே நாலு மரக்கட்டைகள் வந்தன. அவ்வளவுதான் செலவு. ஸ்டூல் இன்னும் வரவில்லை. வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் இப்போது அவள் திரும்பிப் படுக்கிறாள்.

ஸ்டூல் கேட்பது பெரிய ஆசை என்று யாரும் சொல்ல வேண்டாம். கேரளாவில் 2018இலும் தமிழ்நாட்டில் 2021இலும் கடைத் தொழிலாளருக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். எங்கள் நாட்டுக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தில் நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45 என்று 1954 முதல் இருக்கிறது. பன்னிரண்டு மணித்தியாலம் நிற்கிற பிள்ளைகள் கை தூக்குங்கள் என்று கேட்டால் இங்கே எத்தனை கைகள் வரும் என்று எங்களுக்குத் தெரியும். மூட்டை தூக்குகிற தம்பிகளுக்கு: சர்வதேச தொழில் ஸ்தாபனம் 1967இலேயே, ஓர் ஆண் தனியாகச் சுமக்கிற பாரம் 55 கிலோவைத் தாண்டினால் குறைக்க வழி பார்க்க வேண்டும், பெண்களுக்கு அதைவிட நிறையக் குறைய வேண்டும் என்று பரிந்துரைத்தது. பாரம் சரிந்து கழுத்தில் அடிபட்டால் அன்றே முதலாளிக்கும் எங்களுக்கும் அறிவியுங்கள், வைத்தியசாலைத் துண்டை எறியாதீர்கள். வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934இலிருந்து இருக்கிறது. துண்டு இல்லாமல் நாங்கள் எதைக் காட்டி வாதாடுவது?

கூடைக்கு நாங்கள் கேட்கப் போவது மூன்று. பாரத்தைத் தலையிலிருந்து தோளுக்கும் இடுப்புக்கும் இறக்குகிற அகலப் பட்டி. நிறுவையை மலைக்குக் கிட்டக் கொண்டுவந்து, அடிக்கடி நிறுப்பது. டிஸ்பென்சரிப் புத்தகத்தில் கழுத்து வலியையும் ஒரு வருத்தமாக எழுதுவது. மூன்றாவதுதான் முக்கியம் என்று நினைக்கிறோம். எழுத்தில் இல்லாத வலியைப் பற்றித் தோட்ட நிர்வாகத்தோடு பேச முடியாது. ஆனபடியால் ஊருக்குப் போன் பண்ணும்போது உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்: அடுத்த தடவை டிஸ்பென்சரிக்குப் போனால், கழுத்து வலி என்று சொல்லி எழுதவைத்துவிட்டு வரட்டும்.

வாசல் மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. பெயர், வேலை, எத்தனை மணித்தியாலம், எங்கே வலி, எத்தனை நாள். எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் எழுதுகிறோம். பின்வரிசையில் கையை முழுதாகத் தூக்க முடியாமல் இருந்தவர்கள் முதலில் வாருங்கள். விரல் விறைப்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள். நாளைக்கே உங்களோடு வைத்தியசாலைக்கு வர எங்களில் இருவர் தயாராக இருக்கிறோம்.